வியூ எண்ணிக்கையை நம்பும் முன் ப்ளேஸ்மென்ட் ரிப்போர்ட்டைத் திறங்கள்

ஆப்புக்குள் ஓடும் விளம்பரத்தைப் பணம் கொடுத்தவர் கண்ணால் பார்க்க வழியில்லை. சுவர் போஸ்டர் என்றால், ஒட்டியிருக்கிறார்களா என்று வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று போய்ப் பார்த்துவிடலாம். யாரோ ஒருவர் போனில் இருக்கும் டார்ச் லைட் ஆப்பில் உங்கள் பேனர் வந்ததா இல்லையா என்பதை அந்த ஆப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன நிரல்தான் சொல்கிறது. எஸ்டிகே என்பார்கள். ‘காட்டிவிட்டேன்’ என்று அது அனுப்பும் ஒரு சிக்னல் ரிப்போர்ட்டில் ஒரு வியூவாக ஏறும். அதற்குத்தான் ஆப் உரிமையாளருக்குக் காசு. எண்ணிச் சொல்கிறவரும் எண்ணிக்கைக்குக் காசு வாங்குகிறவரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். இந்தத் துறையின் பெரும்பாலான தில்லுமுல்லு இங்கிருந்துதான் கிளம்புகிறது.

நடுவில் இருப்பவர்களுக்கும் இதைத் தடுப்பதில் பெரிய அவசரம் கிடையாது. ஏஜென்சி, விளம்பரம் வாங்கித் தரும் தளம், ஏலச் சந்தை, இடம் விற்கும் நெட்வொர்க் என்று பல கை மாறிப் பணம் ஆப்புக்குப் போய்ச் சேர்கிறது. வழியில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஓடிய தொகையில் ஒரு பங்கு. போலி வியூ குறைந்தால் விளம்பரதாரரைத் தவிர எல்லோருக்கும் வருமானம் குறையும். ஆகவே சரிபார்க்கும் வேலை நம் தலையில். அதையும் நெட்வொர்க் கொடுக்கும் எண்ணை வைத்துச் செய்யக் கூடாது. நம் போனுக்கு வந்த அழைப்பு, நம் வாட்ஸ்அப்புக்கு வந்த விசாரிப்பு, நம் கல்லாவில் விழுந்த பணம், இவற்றை வைத்துச் செய்ய வேண்டும்.

எது வியூ?

விளம்பர அளவீட்டுக்கு விதி வகுக்கும் அமெரிக்காவின் மீடியா ரேட்டிங் கவுன்சில் சொல்வது இது: பேனரின் பரப்பில் 50% தொடர்ந்து 1 விநாடி திரையில் தெரிந்தால் ‘பார்க்கத் தக்கது’, வீடியோவுக்கு 50% பரப்பு, 2 விநாடி. இதுவே கண்டிப்பான கணக்கு. வெறும் இம்ப்ரெஷன், அதாவது விளம்பரம் ஒருமுறை லோட் ஆனது, என்று போட்டிருந்தால் அதற்கு இதுகூடத் தேவையில்லை. ஃபேஸ்புக்கில் வீடியோ வியூ 3 விநாடி. த்ரூப்ளே என்று தனியாக இருப்பது 15 விநாடி. யூடியூபில் ஸ்கிப் செய்யக்கூடிய விளம்பரத்துக்கு 30 விநாடி, வீடியோ அதைவிடச் சின்னது என்றால் கடைசி வரை, அல்லது ஒரு கிளிக். ஷார்ட்ஸ் வீடியோக்களில் 2025 மார்ச்சிலிருந்து ஓட ஆரம்பித்தாலே ஒரு வியூ. இந்த எண்களையெல்லாம் எக்ஸெல்லில் ஒரே நெடுவரிசையில் போட்டுக் கூட்டி ‘மொத்த வியூ 4 லட்சம்’ என்று ஏஜென்சி அனுப்பினால், அந்தக் கூட்டலுக்கு ஒரு பொருளும் இல்லை.

விதிக்குள் நின்றபடியே எண்ணை ஊதவைக்கவும் முடியும். ஆப்புகளுக்குள் விளம்பரம் ஓட்டும் கூகுளின் ஆட்மாப் சேவையில் பேனர் தானாக மாறும் இடைவெளியை 30 விநாடி வரை குறைக்கலாம். மணிக்கு 120 முறை. இரவு விளக்கு ஆப், மழைச் சத்தம் போடும் ஆப், சார்ஜில் கிடக்கும்போது திரையை அணையவிடாத கடிகார ஆப் இவற்றில் ஒன்றைத் திறந்து வைத்துவிட்டு ஒருவர் 8 மணி நேரம் தூங்கினால் 960 இம்ப்ரெஷன். திரை எரிகிறது, பரப்பு முழுக்கத் தெரிகிறது, ஒரு விநாடிக்கு மேல் தெரிகிறது. எல்லாம் சரி, பார்க்க விழித்திருக்கும் ஆள்தான் இல்லை. இதை மோசடி என்று எந்த வடிகட்டியும் பிடிக்காது.

சராசரியிலும் ஏமாறலாம். வீடியோ விளம்பரத்தைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று தான் காட்டிவந்த எண் 60 முதல் 80% வரை கூடுதலாக இருந்திருக்கலாம் என்று 2016 செப்டம்பரில் ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. மொத்த நேரத்தை, பார்க்க ஆரம்பித்த எல்லோராலும் வகுக்காமல், 3 விநாடியைத் தாண்டியவர்களால் மட்டும் வகுத்திருந்தார்கள். 100 பேரில் 80 பேர் ஒரே விநாடியில் தள்ளிவிட்டுப் போகிறார்கள், 20 பேர் 20 விநாடி பார்க்கிறார்கள் என்று வையுங்கள். மொத்தம் 480 விநாடி. நூறால் வகுத்தால் 4.8. இருபதால் வகுத்தால் 24. ஒரே வீடியோ, ஒரே கூட்டம். இதற்காக விளம்பரதாரர்கள் போட்ட வழக்கு 2019-ல் 4 கோடி டாலர் கொடுத்துத் தீர்க்கப்பட்டது. எந்த ரிப்போர்ட்டில் சராசரி இருந்தாலும் கீழே என்ன எண்ணால் வகுத்தீர்கள் என்று கேளுங்கள்.

உள்ளே என்ன செய்கிறார்கள்

பழைய வித்தை, முழு விளம்பரத்தை 1×1 பிக்ஸல் சட்டத்துக்குள் அடைப்பது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் லோட் ஆகிவிட்டதால் எண்ணிக்கை ஏறும். அடுத்தது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவது. மேலே ஒரு விளம்பரம்தான் தெரியும். அடியில் கிடப்பவை எல்லாமே ‘காட்டப்பட்டவை’. 2023 ஜனவரியில் ஹியூமன் செக்யூரிட்டி என்ற நிறுவனம் வெளியிட்ட வாஸ்ட்ஃப்ளக்ஸ் விவகாரத்தில் ஒரே பேனர் இடத்துக்குள் 25 வீடியோ வரை அடுக்கியிருந்தார்கள். 1,700 ஆப்புகளின் பெயரைப் பொய்யாகப் போட்டு, கிட்டத்தட்ட 1 கோடியே 10 லட்சம் போன்களில், உச்சத்தில் ஒரு நாளைக்கு 1,200 கோடி ஏலக் கோரிக்கை. இதில் கவனிக்க வேண்டியது, ஆப் செய்தவர்களுக்கே விஷயம் தெரியாது. விளம்பர இடத்தை வாங்குகிறவன், தான் கொடுத்த பேனருக்குள் நிரலை ஒளித்து அனுப்பிவிட்டான். ‘நல்ல ஆப்புகளில் மட்டும் போடுகிறோம்’ என்ற உத்தரவாதம் இந்த வகைக்கு முன்னால் நிற்காது.

மறைவாக ஓடும் வீடியோவின் செலவு போன்காரர் தலையிலும் விழும். 2019 பிப்ரவரியில் ஆரக்கிள் வெளியிட்ட ட்ரெயினர்பாட் அப்படிப்பட்டது: நூற்றுக்கணக்கான ஆண்ட்ராய்டு ஆப்புகளுக்குள் இருந்த ஒரு எஸ்டிகே, யாரும் பார்க்காத வீடியோ விளம்பரங்களை மாதம் 10 ஜிபிக்கு மேல் இறக்கக்கூடியதாக இருந்தது. நாளுக்கு ஒன்றரை ஜிபி பேக் போட்டிருப்பவருக்கு அது ஏறக்குறைய ஒரு வாரத்து டேட்டா. போன் சூடாகிறது, பேட்டரி நிற்கவில்லை என்று கடையில் கொடுத்து பேட்டரியை மாற்றிவிட்டு வருவார்கள்; கோளாறு பேட்டரியில் இருக்காது.

2025 செப்டம்பரில் வெளியான ஸ்லாப்ஆட்ஸ் இன்னும் தந்திரமானது. 224 ஆப்புகள், 3 கோடியே 80 லட்சம் டவுன்லோடு. ஒருவர் ப்ளே ஸ்டோரில் தானே தேடி அந்த ஆப்பை இறக்கினால் அது ஒழுங்கான ஆப்பாகவே நடந்துகொள்ளும். அந்தக் கும்பலே போட்ட விளம்பரத்தைத் தொட்டு இறக்கியவர் போனில் மட்டும் வேலையைக் காட்டும். நான்கு படக் கோப்புகளை இறக்கி, அவற்றுக்குள் துண்டு துண்டாக ஒளித்திருந்த நிரலைச் சேர்த்து, மறைவான பிரவுசர் ஜன்னல்களைத் திறந்து, தங்கள் சொந்தச் செய்தித் தளங்களிலும் விளையாட்டுத் தளங்களிலும் விளம்பரத்தை ஓட்டித் தாங்களே கிளிக் செய்துகொள்ளும். சோதிப்பவர் எவரும் ஸ்டோரிலிருந்து நேராக இறக்கித்தான் பார்ப்பார் என்பது அவர்கள் போட்ட கணக்கு. அந்தப் போலிப் போக்குவரத்தில் 10% இந்தியாவிலிருந்து வந்தது, அமெரிக்காவுக்கு அடுத்தபடி. ‘டார்கெட் இந்தியா மட்டும்தான், இங்கே பாட் (மனிதர்போல் நடிக்கும் தானியங்கி நிரல்) கம்மி’ என்று இப்போதும் சொல்லும் ஏஜென்சிகள் உண்டு.

பாட் நிரலைவிடப் பெரிய ஓட்டை

இவ்வளவு சொன்னாலும், நகைக்கடை, கோச்சிங் சென்டர், பல் ஆஸ்பத்திரி என்று உள்ளூரில் விளம்பரம் போடுகிறவர்களின் பணம் அதிகம் கசிவது பாட்டால் அல்ல, விரல் தவறித் தொட்ட கிளிக்கால் என்பது எங்கள் கணிப்பு. மனிதர், நிஜ போன், நிஜ சிம். அதனால்தான் எந்த மோசடித் தடுப்பு மென்பொருளும் இதைக் கொடி காட்டாது.

முழுத்திரை விளம்பரத்தின் மூடும் குறியைச் சற்று உற்றுப் பாருங்கள். முதல் 5 விநாடி குறியே வராது. பிறகு வலது மூலையில் ஒரு பெருக்கல் குறி தெரியும். அது படத்திலேயே வரைந்தது, தொட்டால் ப்ளே ஸ்டோர் திறக்கும். உண்மையான குறி இடது மூலையில், வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் நிறத்தில், மெல்லிய கோடாக இருக்கும். விரல் படும் இடம் சுமார் 9 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது ஆண்ட்ராய்டு வடிவமைப்பு வழிகாட்டி சொல்லும் அளவு. இங்கே அதில் பாதிகூட இராது. ஒருவழியாக மூடினால் ‘விளையாடிப் பாருங்கள்’ என்று இரண்டாவது அட்டை வரும், அதில் குறி வேறு மூலைக்குப் போயிருக்கும். இன்னொரு வகை, ‘அடுத்த லெவல்’ பொத்தான் இருந்த அதே இடத்தில், விரல் இறங்கும் நேரம் பார்த்து பேனர் வந்து உட்காருவது. 2017-ல் ஒரு ஷூ கம்பெனி, படத்தில் ஒற்றை மயிரிழையை வரைந்து இன்ஸ்டாகிராமில் விட்டது. திரையில் முடி ஒட்டியிருக்கிறதென்று துடைக்கப் போனவர்கள் கடைப் பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இன்ஸ்டாகிராம் அதை நீக்கியது. யோசித்தவனின் மூளையை மட்டும் மெச்சலாம்.

எதிர்பாராமல் வரும் முழுத்திரை விளம்பரத்தை 15 விநாடிக்குப் பிறகும் மூட முடியாமல் வைப்பதை 2022 செப்டம்பர் 30 முதல் கூகுள் ப்ளே தடை செய்திருக்கிறது. லெவல் தொடங்கும்போது திடீரென்று குதிப்பதும், ஆப்பின் முதல் திரை வருவதற்கு முன்பே வருவதும் அதே தடைக்குள் வரும். பயனரே விரும்பிப் பார்க்கும் ‘பார்த்தால் காயின்’ வகைக்கு இந்த விதி கிடையாது.

அந்த ‘பார்த்தால் காயின்’ வகை தனிக் கதை. விளையாட்டில் ஓர் உயிர் கூடுதலாகக் கிடைக்கும் என்று 30 விநாடி காத்திருப்பவர் உங்கள் விளம்பரத்தைப் பார்க்கவில்லை, கவுண்டரைப் பார்க்கிறார். வீடியோ முடியும்வரை ஓடிய விகிதம் 90%-க்கு மேல் காட்டும், ரிப்போர்ட்டில் ஜோராக இருக்கும். ‘விளம்பரம் பார்த்துச் சம்பாதிக்கலாம்’ என்று தமிழ் யூடியூபில் அறிமுகமாகும் ஆப்புகள் இதன் கடைசிப் படி. உங்கள் வியூவை அங்கே வாடகை ஆள் பார்க்கிறார். அவருக்கும் பணம் எடுக்கும் வரம்பைத் தொடும் நேரத்தில் கணக்கு முடங்கும். இரண்டு பக்கமும் நாமம்.

ரிப்போர்ட்டில் எங்கே பார்ப்பது

கூகுள் ஆட்ஸில் விளம்பரம் எங்கே காட்டப்பட்டது என்ற ப்ளேஸ்மென்ட் ரிப்போர்ட் இருக்கிறது. அதைச் செலவின் இறங்குவரிசையில் அடுக்குங்கள். முதல் 50 வரி போதும், பெரும்பாலும் கதை அதிலேயே தெரிந்துவிடும். ஆப் என்று குறித்திருக்கும் வரிகளின் கிளிக் விகிதத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் 2012-ல் ஒன்றுமே எழுதாத வெற்றுப் பேனர்களை ஓட்டிப் பார்த்த சோதனையில் 10,000 முறை காட்டியதற்கு 8 கிளிக் விழுந்தது. தவறுதலும் வேடிக்கையும் மட்டுமே கொண்டுவரும் அளவு அது. டார்ச், க்யூஆர் ஸ்கேனர், போன் கிளீனர், குழந்தைகள் விளையாட்டு இவற்றின் வரியில் 5%, 8% என்று இருந்தால், அது ஆர்வமல்ல, பேனர் பொத்தானுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்கான அடையாளம். யூடியூப் வரிகளில் கார்ட்டூன், குழந்தைப் பாடல் சேனல்கள் முன்னால் நின்றால், அப்பா போனில் மூன்று வயதுப் பிள்ளை தட்டிய கிளிக்குக்கு வீட்டுமனை விளம்பரக் காசு போகிறது. இதில் யாரும் ஏமாற்றவில்லை. காசு போவது மட்டும் அதே மாதிரிதான்.

அந்த வரியோடு நிறுத்தாமல் நம் தளத்தின் அனலிட்டிக்ஸையும் பக்கத்தில் வையுங்கள். ஜிஏ4-ல் (கூகுள் அனலிட்டிக்ஸ் 4) ஒரு வருகை ‘ஈடுபாடுள்ளது’ ஆக 10 விநாடி தாண்ட வேண்டும், அல்லது இரண்டு பக்கம் பார்க்க வேண்டும், அல்லது ஒரு முக்கியச் செயல் நடக்க வேண்டும். தேடல் விளம்பரத்தில் வந்தவர்களின் ஈடுபாட்டு விகிதத்தையும் ஆப் விளம்பரத்தில் வந்தவர்களுடையதையும் ஒப்பிட்டாலே பள்ளம் தெரியும். மணிவாரியாகப் பிரித்துப் பாருங்கள்: விடியற்காலை 2 மணிக்கும் மாலை 7 மணிக்கும் ஒரே அளவு கிளிக் வந்தால் மனிதர் அல்ல. ஒரே போன் மாடல், ஒரே பழைய ஆண்ட்ராய்டு பதிப்பு குவிந்திருந்தாலும் அப்படியே. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டாவில் ‘லிங்க் கிளிக்’, ‘லேண்டிங் பேஜ் வியூ’ இரண்டையும் ப்ளேஸ்மென்ட்படி பிரித்துப் பாருங்கள். மெதுவான நெட்டில் பக்கம் திறப்பதற்குள் சிலர் போய்விடுவார்கள், அது சகஜம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் வரிகளில் கிளிக்கில் முக்கால் பங்கு பக்கம் வரை வந்து, வெளி ஆப்புகளில் மெட்டா விளம்பரம் ஓட்டும் ஆடியன்ஸ் நெட்வொர்க் வரியில் மட்டும் கால் பங்குதான் வருகிறதென்றால், அந்த வரியை அணைப்பதற்கு முன் கூட்டம் போட வேண்டியதில்லை.

உள்ளூர்க் கடைக்கு இதைவிட எளிய வழியும் உண்டு. ஒவ்வொரு கேம்பெயினுக்கும் தனி வாட்ஸ்அப் இணைப்பு வையுங்கள். திறந்தவுடன் முன்கூட்டியே எழுதி நிற்கும் செய்தியில் ஒரு குறி இருக்கட்டும், ‘ஆடி சலுகை – அ1 பற்றித் தெரிய வேண்டும்’ என்பதுபோல. மாதக் கடைசியில் எந்தக் குறியில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்று கடைப் பையனே எண்ணிச் சொல்லிவிடுவான். நெட்வொர்க்கின் எண் அதில் கை வைக்க முடியாது.

படிவம் நிரப்பித் தொடர்பு எண் தரும் விசாரிப்பை, அதாவது லீடைக் குறியாக வைத்திருந்தால் ஒரு ஆபத்து. பாட் நிரலும் படிவம் நிரப்பும். பெயர் சரியாக இருக்கும், எண் வேறு யாருடையதாகவோ இருக்கும். கூகுளின், மெட்டாவின் தானியங்கி ஏலம் ‘இங்கே மலிவாக லீட் கிடைக்கிறது’ என்று கற்றுக்கொண்டு மறுநாள் அதே குப்பை ஆப்புகளுக்கு இன்னும் அதிகப் பணத்தைத் தள்ளும். லீட் விலை 200-லிருந்து 60 ரூபாய்க்கு இறங்கியதென்று சந்தோஷப்படும் வாரத்தில்தான் டெலிகாலர் ‘ஒருத்தரும் எடுக்கலைங்க’ என்பார். படிவத்தில் ஓடிபி வையுங்கள். லீட் எண்ணிக்கை குறையும், குறையட்டும். அதோடு, எந்த லீட் உண்மையில் வாங்கியது என்பதைக் கிளிக்கின் அடையாள எண்ணோடு சேர்த்து 90 நாளுக்குள் கூகுள் ஆட்ஸில் திரும்ப ஏற்றலாம். ஏலத்துக்கு அப்போதுதான் சரியான பாடம் கிடைக்கும்.

அணைக்க வேண்டிய சுவிட்சுகள்

தேடல் கேம்பெயின் தொடங்கும்போது, வெளித் தளங்களிலும் ஆப்புகளிலும் பேனர் ஓட்டும் டிஸ்ப்ளே நெட்வொர்க்கும் சேர்ந்து டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். இடம் பகுதியில் ‘இருப்பவர்கள் அல்லது ஆர்வம் உள்ளவர்கள்’ என்பதுதான் வழக்கமாக வரும். ‘இருப்பவர்கள்’ என்று மாற்றினால்தான் மதுரைக்குப் போட்ட விளம்பரம் மதுரையில் ஓடும். டிஸ்ப்ளே கேம்பெயினில் விலக்குப் பட்டியலுக்குப் போய் ஆப் வகைகள் எல்லாவற்றையும் டிக் செய்து விலக்குங்கள். மேல் தலைப்பை மட்டும் டிக் செய்துவிட்டு உள்ளே இருக்கும் வகைகள் விடுபட்டுப்போவது அடிக்கடி நடக்கிறது, ஒவ்வொன்றாக விரித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வோர் ஆப்பாகப் பெயர் போட்டு விலக்கும் வேலைக்கு முடிவே இல்லை. இன்று விலக்கிய ஆப் நாளை வேறு பெயரில் வரும். கூகுளே எல்லா இடங்களையும் தேர்ந்து ஓட்டும் பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸ் வகையில் கேம்பெயினுக்குள் இந்த வசதி குறைவு, கணக்கு அளவில் விலக்க வேண்டும். அதன் ப்ளேஸ்மென்ட் ரிப்போர்ட்டிலும் இம்ப்ரெஷன் மட்டும்தான் இருக்கும், செலவு இருக்காது. அது ஏன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வீடியோ கேம்பெயினில் ‘வீடியோ பார்ட்னர்கள்’ என்ற டிக்கை எடுத்தால் விளம்பரம் யூடியூபுக்குள் மட்டும் நிற்கும். அந்தப் பார்ட்னர் தளங்களிலும் ஆப்புகளிலும் பல விளம்பரங்கள் ஓரத்தில் சத்தமில்லாமல் தானே ஓடும் சின்னப் பிளேயர்களில் போனதாக அடலிட்டிக்ஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2023 ஜூனில் எழுதியது. கூகுள் அதை மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்மானிக்கச் சிறு விளம்பரதாரர் காத்திருக்க வேண்டாம். டிக்கை எடுத்து இரண்டு வாரம் ஓட்டி விசாரிப்பு குறைகிறதா என்று பார்த்தால் போதும். மெட்டாவில் ப்ளேஸ்மென்ட்டைக் கைமுறைக்கு மாற்றி ஆடியன்ஸ் நெட்வொர்க்கை எடுங்கள். இதையெல்லாம் செய்த பிறகு ஒரு கிளிக்கின் விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கூடத் தெரியும். பயந்து பழையபடி மாற்றிவிடாமல், ஒரு விசாரிப்புக்கு என்ன விலை என்று பாருங்கள்.

சொந்த ஆப்புக்கு இன்ஸ்டால் வாங்குகிறவர்களுக்கு

இங்கே போலி வியூவைவிடத் திருட்டுப் பெயர்தான் அதிகம். யாரோ தானே தேடி இறக்கும் இன்ஸ்டாலுக்கு ‘நான்தான் கொண்டுவந்தேன்’ என்று கடைசி நேரத்தில் ஒரு கிளிக்கைச் செருகிவிடுவார்கள். போனில் ஏற்கெனவே இருக்கும் ஓர் ஆப், புதிய ஆப் இறங்குவதை மோப்பம் பிடித்து, அது முதன்முறை திறப்பதற்கு முன் பொய்க் கிளிக்கை அனுப்பும். இதைப் பிடிக்க கூகுள் 2017 நவம்பரில் கொடுத்த இன்ஸ்டால் ரெஃபரர் வசதி போதும்: கிளிக் நடந்த நேரம், இறக்கம் தொடங்கிய நேரம் இரண்டும் அதில் வரும். இறக்கம் தொடங்கிய பிறகு கிளிக் என்றால் திருட்டு, அதில் விவாதமே இல்லை. அந்த நேரம் கையில் இல்லையென்றால் கிளிக்கிலிருந்து முதல் திறப்புவரை உள்ள இடைவெளியைப் பாருங்கள். 60 எம்பி ஆப் 4 விநாடியில் இறங்கித் திறந்திருக்காது.

இன்னொரு வகை, கோடிக்கணக்கில் பொய்க் கிளிக்கைத் தூவி வைத்துவிட்டுக் காத்திருப்பது. கிளிக்குக்கு 7 நாள் வரை உரிமை கோரலாம் என்று வைத்திருந்தால், அந்த 7 நாளில் யார் தற்செயலாக இறக்கினாலும் பெயர் அவர்களுக்கு. இதற்கு வரைபடம் போடுங்கள். உண்மையான விளம்பரத்தில் பெரும்பகுதி இன்ஸ்டால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் வந்து பிறகு சரியும். தூவியவர்களின் கோடு 7 நாளும் தட்டையாகக் கிடக்கும்.

எல்லாவற்றையும்விட உறுதியான சோதனை, நிறுத்திப் பார்ப்பது. ஒரு நெட்வொர்க்கை இரண்டு வாரம் அணையுங்கள். அதன் 3,000 இன்ஸ்டால் போய், தானாக வரும் இன்ஸ்டால் கிட்டத்தட்ட அதே அளவு கூடினால், இத்தனை நாள் உங்கள் பொருளையே உங்களுக்கு விற்றிருக்கிறார்கள். ஊபர் நிறுவனத்தில் இந்தச் செலவைக் கவனித்த கெவின் ஃப்ரிஷ் பின்னால் வெளிப்படையாகச் சொன்ன கணக்கு: ஆண்டுக்கு 15 கோடி டாலரில் 10 கோடியை நிறுத்தினார்கள், பயணிகள் ஆப்பின் இன்ஸ்டால் எண்ணிக்கையில் ஏறக்குறைய எந்த மாற்றமும் இல்லை.

ஆப் செய்கிறவர்கள் கவனிக்க

நேர்மையாக ஆப் செய்து ஆட்மாப் வைத்திருப்பவரும் மாட்டிக்கொள்ள வழி இருக்கிறது. ப்ளே ஸ்டோரில் கொடுத்திருக்கும் உங்கள் இணையதளத்தின் வேர் முகவரியில், உங்கள் விளம்பர இடத்தை யாரெல்லாம் விற்கலாம் என்று சொல்லும் ஆப்-ஆட்ஸ் உரைக்கோப்பு (app-ads.txt) இருக்க வேண்டும். 2019-ல் வந்த ஏற்பாடு இது. ஒரு வரிக்கு ஒரு விற்பனையாளர்: விளம்பர அமைப்பின் டொமைன், உங்கள் பப்ளிஷர் எண், நேரடியா மறுவிற்பனையா என்ற சொல், சான்று எண், நடுவில் காற்புள்ளி. இது இல்லாவிட்டால் உங்கள் ஆப் பெயரைப் போட்டு வேறு ஒருவன் போலி இடம் விற்கலாம், கெட்ட பெயர் உங்களுக்கு வரும். நெட்வொர்க்காரர் அனுப்பும் 300 வரி மறுவிற்பனைப் பட்டியலை அப்படியே ஒட்டுவதும் வாசலைத் திறந்து போடுவதுதான்.

பேனருக்கும் பொத்தானுக்கும் நடுவே இடைவெளி விடுங்கள். பேனர் லோட் ஆகும் முன்பே அதன் உயரத்தை ஒதுக்கி வையுங்கள், இல்லையென்றால் அது வந்ததும் மற்றதெல்லாம் நகர்ந்து விரல் அதில் விழும். முதல் மாதம் வருமானம் நன்றாகத்தான் இருக்கும், பிறகு செல்லாத கிளிக் என்று கழிப்பார்கள், அதற்குப் பிறகு கணக்கையே மூடுவார்கள். சொந்த ஆப்பைச் சோதிக்கும்போது சோதனை விளம்பர எண்ணை மட்டும் பயன்படுத்துங்கள். நண்பர்கள் குரூப்பில் ‘ஒரு கிளிக் பண்ணுங்கப்பா’ என்று போடுவதும் மோசடிதான். மாதம் இவ்வளவு கூடுதல் வருமானம் என்று மெயில் அனுப்பி ஓர் எஸ்டிகேவைச் சேர்க்கச் சொல்கிறவர்கள் எதற்காக என்று விளக்கமாட்டார்கள். சேர்த்தால், பிடிபடும் நாளில் ஸ்டோரிலிருந்து போவது உங்கள் ஆப். 2020 பிப்ரவரியில் கிட்டத்தட்ட 600 ஆப்புகளை கூகுள் ஒரேயடியாக நீக்கியபோது, அவற்றைச் செய்தவர்களில் இந்தியர்களும் இருந்தார்கள்.

வீட்டுப் போனில் தேட

எந்த ஆப்பும் திறக்காதபோது முழுத்திரை விளம்பரம் குதித்தால் உடனே மூடாதீர்கள். சமீபத்திய ஆப்புகளைக் காட்டும் பொத்தானைத் தட்டுங்கள்; அந்த விளம்பரத்தின் அட்டை மேலே எந்த ஆப்பின் ஐகான் இருக்கிறதோ அதுதான் ஆள். ஐகானை அழுத்திப் பிடித்தால் ஆப் விவரம் திறக்கும், அங்கிருந்தே நீக்கலாம். ஐகான் வெறுமையாகவோ பெயரில்லாமலோ இருந்தால், செட்டிங்ஸில் ஆப்புகளின் முழுப் பட்டியலைத் திறந்து பெயரில்லாத வரியைத் தேடுங்கள். ‘பிற ஆப்புகளின் மேல் காட்டும் அனுமதி’ யாருக்கெல்லாம் இருக்கிறது என்றும் பாருங்கள். க்யூஆர் ஸ்கேனருக்கு அது எதற்கு? டேட்டா பயன்பாட்டில் பின்னணி டேட்டாவைப் பாருங்கள், வால்பேப்பர் ஆப் 2 ஜிபி தின்றிருந்தால் காரணம் வேறு கேட்க வேண்டாம். குழப்பமாக இருந்தால் சேஃப் மோடில் ஒரு நாள் ஓட்டலாம்: பவர் மெனுவில் அணைக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் வரும், நாம் இறக்கிய ஆப்புகள் எல்லாம் அதில் உறங்கும். அப்போதும் விளம்பரம் வந்தால் அது போன் கம்பெனியே வைத்தது.

விளம்பரம் என்று தெரியாதபடி விளம்பரத்தை ஒளிப்பது, இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த 13 தந்திர வடிவமைப்புகளில் ஒன்று. 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். விளம்பரம் பார்க்கும் வேலை என்று பணம் கட்டி ஏமாந்தவர்களுக்கு சைபர் குற்ற உதவி எண் 1930.

பணத்தைத் திரும்பக் கேட்பது

கூகுள் தானாகக் கண்டுபிடித்த செல்லாத கிளிக்கைக் கழித்துவிடும். ரிப்போர்ட்டில் ‘செல்லாத கிளிக்குகள்’ நெடுவரிசையைச் சேர்த்தால் எண் தெரியும். அதற்கு மேல் சந்தேகம் இருந்தால் கிளிக் தர விசாரணைப் படிவம் உண்டு. 60 நாளுக்குள் நடந்த கிளிக்குகளுக்கு மட்டும். சந்தேகம் என்று எழுதினால் பொதுப் பதில்தான் வரும். எந்தக் கேம்பெயின், எந்தத் தேதி, எந்த மணி, எந்த ப்ளேஸ்மென்ட், சர்வர் பதிவில் எந்த ஐபி முகவரிகள், அடையாள எண்ணோடு எந்தக் கிளிக்குகள் என்று இணைத்தால் உருப்படியாகப் பார்க்கிறார்கள். சர்வர் பதிவைப் பல ஹோஸ்டிங்கில் குறுகிய காலத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை, வாரம் ஒருமுறை இறக்கி வையுங்கள்.

இதெல்லாம் விளம்பரக் கணக்கு உங்கள் பெயரில் இருந்தால்தான் நடக்கும். ஏஜென்சி தன் கணக்கில் ஓட்டிவிட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பும் ஏற்பாட்டில் ப்ளேஸ்மென்ட்டும் தெரியாது, உண்மையில் எவ்வளவு செலவானது என்பதும் தெரியாது. கணக்கை உங்கள் மெயிலில் திறந்து, உங்கள் கார்டில் பணம் கட்டி, ஏஜென்சிக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். அவர்கள் கட்டணத்தை ஓடிய தொகையில் சதவீதமாகப் பேசாமல் மாதத் தொகையாகப் பேசுங்கள். மாதம் 5-ஆம் தேதிக்குள் முழு ப்ளேஸ்மென்ட் ரிப்போர்ட் எக்ஸெல்லாக வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதுங்கள். ‘எங்கள் கம்பெனி பாலிசியில் அது இல்லை சார்’ என்று பதில் வந்தால் வேறு ஏஜென்சி பார்க்கலாம்.